ஏழு ஆட்டம், இருபத்தெட்டு இரவு

2022 நவம்பர் 22 முதல் டிசம்பர் 18 வரை கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் அர்ஜென்டினா ஆடியது ஏழு ஆட்டம். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் தோகாவில் இறங்கி, மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு மறுநாள் விமானம் ஏறிய ரசிகர் அங்கே தங்க வேண்டியிருந்தது 28 இரவு. நான்கு இரவுக்கு ஓர் ஆட்டம். மற்ற இரவுகளில் அவருக்கு வேலை காத்திருப்பது. காத்திருப்பதற்கும் வாடகை உண்டு.

உலகக் கோப்பைக்குப் போய் வந்தவரிடம் ஊரில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" பெரும்பாலும் அந்தப் பதில் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. கத்தார் கணக்கை வரிசையாக எழுதினால் இது தெரியவரும். எழுதுவதற்கும் கத்தார் வசதியான இடம். எட்டு மைதானமும் ஒரே நகரத்தைச் சுற்றி இருந்தன. மிகத் தள்ளி இருந்த இரண்டு, அல் பைத்தும் அல் ஜனூபும், ஒன்றுக்கொன்று சுமார் 75 கிலோமீட்டர். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம். ஊர் விட்டு ஊர் போகும் செலவு என்ற தலைப்பே கிடையாது. அது கழிந்துவிட்டதால் மற்றவை பளிச்சென்று நிற்கின்றன.

கணக்குக்கு முன் சில விவரங்கள். கத்தார் ரியால் டாலருக்கு 3.64 என்று நிலையாகக் கட்டப்பட்டது. அந்த நவம்பரில் டாலர் எண்பத்தொன்றரை ரூபாயை ஒட்டி இருந்ததால், ரியாலுக்கு 22 ரூபாய் 40 காசு என்று போட்டிருக்கிறேன். விமானக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. புவெனோஸ் ஐரிஸிலிருந்து வந்தவர் கொடுத்ததும் கோழிக்கோட்டிலிருந்து வந்தவர் கொடுத்ததும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்ததுகூட வேறாக இருக்கும். தரையில் கால் வைத்த பிறகு ஆன செலவு மட்டும் இங்கே.

டிக்கெட்

நான்கு வகை டிக்கெட் விற்றார்கள். நான்காம் வகை கத்தாரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு வருவோம். வெளியூர்க்காரருக்குக் கிடைத்ததில் மலிவு மூன்றாம் வகை. லீக் ஆட்டம் ஒன்றுக்கு 250 ரியால், அதாவது 69 டாலர். 2018-இல் ரஷ்யாவில் இதே வகை இருக்கைக்கு 105 டாலர் வாங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறார்களே என்று பாராட்டத் தோன்றும். இறுதி ஆட்டத்தின் விலையைப் பார்த்ததும் அந்தப் பாராட்டு அடங்கிவிடும். மூன்றாம் வகை 455 டாலரிலிருந்து 604 ஆயிற்று. முதல் வகை 1,100-லிருந்து 1,607. ஆள் சேர்க்க வேண்டிய ஆட்டத்தில் விலையை இறக்கி, தானாக ஆள் சேரும் ஆட்டத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கடை வைத்தவர் எவரும் இதைத்தான் செய்வார்.

அர்ஜென்டினாவை முதலிலிருந்து கடைசிவரை மூன்றாம் வகையில் பின்தொடர்ந்தவரின் பற்று இது:

லீக் ஆட்டம் மூன்று, தலா 250: 750 ரியால்
கடைசி 16: 350
கால் இறுதி: 750
அரை இறுதி: 1,300
இறுதி: 2,200
கூட்டுத்தொகை: 5,350 ரியால்

டாலரில் 1,470. ரூபாயில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதில் கடைசி இரண்டு ஆட்டம் மட்டுமே 3,500 ரியால், நூற்றுக்கு 65. முதல் மூன்று ஆட்டத்தைச் சேர்த்தாலும் நூற்றுக்கு 14-தான். முதல் வகையில் உட்கார ஆசைப்பட்டவருக்கு இதே ஏழும் 14,280 ரியால், மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

இந்த விலை குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு. 2022 ஜனவரியில் திறந்த முதல் சுற்றில் ஒரு கோடியே 70 லட்சம் டிக்கெட்டுக்கு விண்ணப்பம் வந்தது. அதில் 18 லட்சம் இறுதி ஆட்டத்துக்கு மட்டும். அடுத்த சுற்றில் இரண்டு கோடியே 35 லட்சம். கடைசியில் 64 ஆட்டத்துக்கும் மைதானத்துக்குள் வந்தவர்கள் 34,04,252 பேர், ஆட்டத்துக்குச் சராசரி 53,191. அர்ஜென்டினா ரசிகருக்கு இதில் ஒரு சலுகை வாய்த்தது. அவர்களுடைய ஏழில் ஐந்து ஆட்டம் லுசைல் மைதானத்தில். 80,000 பேருக்கு என்று அறிவித்துக் கட்டிய அந்த மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்குப் பதிவான எண்ணிக்கை 88,966. இருப்பதிலேயே பெரிய மைதானம் என்பதால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். போலந்து ஆட்டம் மட்டும் 974 மைதானத்தில் நடந்தது. 974 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டி, வேலை முடிந்ததும் பிரிக்கும்படி வடிவமைத்த இடம். அன்று உள்ளே இருந்தவர்கள் 44,089 பேர், லுசைலில் பாதி. ஆஸ்திரேலியாவோடு ஆடிய அகமது பின் அலி மைதானமும் அதே அளவுதான்.

அணி வெளியேறிவிட்டால் மிச்ச ஆட்டத்தின் டிக்கெட் பணம் கொஞ்சம் பிடித்தம் போகத் திரும்பிவரும் ஏற்பாடு ஒன்று உண்டு. அணியின் பெயரில், நிபந்தனையோடு வாங்கும் டிக்கெட். அறை வாடகையை அப்படி யாரும் விற்பதில்லை. நவம்பர் 22 அன்று பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டி போட்டபோது லுசைலில் 88,012 பேர் இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி அரேபியா இரண்டு கோல் போட்டது. அடுத்த நாளைச் சவூதி பொது விடுமுறையாக அறிவித்தது. இருபத்தெட்டு இரவுக்கு முன்பணம் கட்டிவிட்டு அந்த மைதானத்தை விட்டு வெளியே நடந்த அர்ஜென்டினாக்காரர்களின் மனநிலையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. வென்ற சவூதிக்காரர்களில் பலர் அபு சம்ரா எல்லை வழியாகக் காரிலேயே வந்தவர்கள். ரியாத்துக்கும் தோகாவுக்கும் சாலை வழி சுமார் 600 கிலோமீட்டர். ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பலாம்.

படுக்கை

போட்டியின்போது கத்தாருக்குள் நுழைய ஹய்யா அட்டை வேண்டியிருந்தது. அதுதான் விசா, அதுதான் மைதானத்துக்குள் விடும் அனுமதி. 24 மணி நேரத்துக்கு மேல் தங்க நினைத்தால், தங்குமிடம் உறுதியான பிறகே அந்த அட்டை செல்லும். பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்கிறேன், கடற்கரையில் துண்டை விரிக்கிறேன் என்ற கதையெல்லாம் நடக்காது. உறுதியான படுக்கை இல்லாதவர் ஒரு நாளுக்கு மேல் நாட்டில் இருக்க முடியாது.

அந்தப் படுக்கையில் பல தினுசு. அரசின் முன்பதிவுத் தளத்தில் அறைகள் ஓரிரவுக்கு 80 டாலரிலிருந்து ஆரம்பமாயின. அந்த விலைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். அடுத்தது ரசிகர் கிராமங்கள். பாலை மணலைச் சமன்செய்து, வரிசை வரிசையாகக் கேபின்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரே வளாகத்தில் 6,000 கேபின்கூட உண்டு. ஒரு கேபினுக்குள் இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் சின்ன மேசை, ஒரு ஏசி. வாடகை ஓரிரவுக்குச் சுமார் 200 டாலர். முதல் நாட்களில் சில கிராமங்களில் கட்டுமான வேலையே முடிந்திருக்கவில்லை. சாவி வாங்க மணிக்கணக்கில் வரிசையில் நின்ற படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. இது தவிர, தோகா துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்களைக் கட்டி மிதக்கும் ஓட்டலாக்கியிருந்தார்கள்.

200 டாலர் கேபினை எடுத்துக்கொள்வோம். துணைக்கு ஒருவரைச் சேர்த்து வாடகையைப் பாதியாக்கினாலும் தலைக்கு ஓரிரவு 100 டாலர், 364 ரியால். லீக் ஆட்டத்தின் டிக்கெட் 250 ரியால். கடைசி 16 ஆட்டத்துக்கே 350-தான். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு நாக் அவுட் ஆட்டத்தின் டிக்கெட்டை வாங்கி, அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் நம் ரசிகர்.

28 இரவுக்கு 10,192 ரியால். ஏழு டிக்கெட்டின் விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தனியாகப் போய்த் தனிக் கேபினில் படுத்தால் 20,384. 80 டாலர் அறை கிடைத்து, அதையும் இருவர் பகிர்ந்தால் 4,077 ரியாலில் முடியும். மூன்றாம் வகை டிக்கெட் செலவு படுக்கை வாடகையை முந்துவது இந்த ஒரு வழியில்தான்.

லீக் சுற்றோடு திரும்பிவிடுவது என்று முதலிலேயே முடிவெடுத்தவர் கணக்கு இன்னும் வேடிக்கை. நவம்பர் 21-லிருந்து 30 வரை பத்து இரவு, பகிர்ந்த கேபினில் 3,640 ரியால். டிக்கெட் 750. சாப்பாடு நாளுக்கு 80 ரியால் வீதம் 800. ஆக 5,190 ரியாலில் படுக்கைக்குப் போனது நூற்றுக்கு 70. ஆட்டத்துக்குப் போனது நூற்றுக்கு 14. "உலகக் கோப்பை பார்க்கப் போனேன்" என்று இவர் சொல்லலாம். பாஸ்புக் "தூங்கப் போனார்" என்றுதான் சொல்லும்.

இந்த வாடகையிலிருந்து தப்பிக்க ஒரு வழியும் வைத்திருந்தார்கள். துபாய், மஸ்கட், குவைத், ரியாத், ஜித்தா போன்ற ஊர்களிலிருந்து காலையில் வந்து ராத்திரி திரும்பும் ஷட்டில் விமானங்கள், நாளுக்கு 160-க்கும் மேல். துபாயிலிருந்து ஃப்ளைதுபாய் போய்வரக் கட்டணம் 998 திர்ஹாமில் ஆரம்பம். கிட்டத்தட்ட 990 ரியால். ஹய்யா அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 100 திர்ஹாமுக்குப் பலமுறை வந்துபோகும் விசாவும் கொடுத்தது. பகிர்ந்த கேபினில் மூன்று இரவு தங்கினால் 1,092 ரியால். ஆக, ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வருகிறவருக்குப் பறந்து வந்து பறந்து போவது லாபம். ஏழு ஆட்டத்துக்கும் அப்படிச் செய்தால் விமானத்துக்கே 6,930 ரியால். துபாயில் படுப்பதற்கும் யாராவது காசு கொடுக்க வேண்டும். துபாயில் அண்ணன் வீடு இருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு முழுசாக ஒத்துவரும்.

சில்லறை

போக்குவரத்துக்குப் பூஜ்யம். தோகா மெட்ரோவில் சாதாரண நாளில் ஒரு பயணம் 2 ரியால், நாள் முழுக்கச் சுற்றினாலும் 6 ரியாலுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஹய்யா அட்டைக்காரர்களுக்கு அதுவும் இலவசம். 28 நாளில் மிச்சமானது அதிகபட்சம் 168 ரியால். ஒரு கேபின் இரவில் பாதிகூட இல்லை. ஆனாலும் ரசிகர்கள் ஊருக்குப் போய் அதிகம் புகழ்ந்தது இந்த இலவச மெட்ரோவைத்தான். இலவசத்துக்கு இருக்கும் மவுசு தள்ளுபடிக்கு இல்லை.

மெட்ரோவைப் பற்றி இன்னொன்று. சூக் வாகிஃப் நிலையத்துக்கு வெளியே, நீச்சல் குளக் காவலர் உட்காரும் உயரமான நாற்காலியில் கென்யாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் பெரிய ஸ்பாஞ்ச் விரல். "மெட்ரோ?" என்று அவர் இழுப்பார், கீழே போகும் கூட்டம் "திஸ் வே!" என்று திரும்பக் கத்தும். மணிக்கணக்காக அதே இரண்டு வரி. இரண்டு வாரத்துக்குள் அது மைதானப் பாட்டுகளோடு போட்டிபோட்டது; இங்கிலாந்து ஆட்டம் ஒன்றுக்கு அவரை மைதானத்துக்குள் அழைத்துப்போய்க் கூட்டத்தை வாழ்த்தச் சொன்னார்கள். செலவுப் பட்டியலில் சேராத வரவு இது.

பீர் கணக்கு சுருக்கம். போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கையில், நவம்பர் 18 அன்று, மைதான வளாகங்களில் பீர் விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். அல் பித்தா பூங்காவில் நடந்த ரசிகர் விழாவில் மாலையில் மட்டும் கிடைத்தது: அரை லிட்டர் 50 ரியால், ஓர் ஆளுக்கு ஒரு தடவை நான்கு வரை. ஐந்து கோப்பை ஒரு லீக் டிக்கெட்டுக்குச் சமம். மைதானத்துக்குள் போதை இல்லாத பீர் 30 ரியால், தண்ணீர் 10. கார்டு என்றால் விசா மட்டும், ஸ்பான்சர் அவர்கள். ரூபே, மாஸ்டர்கார்டு கொண்டுபோனவர்கள் பர்ஸில் ரொக்கம் தேடினார்கள்.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 80 ரியால் என்பது என் கணிப்பு. மைதானத்தில் ஒரு வேளை, மற்ற வேளைக்கு ஷவர்மா, கரக் டீ, நஜ்மா பக்கத்து மலையாளி ஓட்டல் என்று ஓட்டுகிறவருக்கு அது போதும். அமைப்பாளர்கள் போட்ட கணக்கு தாராளம். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சில ரசிகர்களை விமானம், தங்குமிடம் கொடுத்து அவர்களே அழைத்திருந்தார்கள். கையில் தினப்படியாகச் சுமார் 250 ரியால் தருவதாகவும் பேச்சு. கடைசி நேரத்தில் தினப்படியை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, பகிர்ந்த கேபினில் படுத்து, மூன்றாம் வகையில் உட்கார்ந்து, 80 ரியாலில் வயிற்றைக் கழுவிய ரசிகரின் ஐந்தொகை: டிக்கெட் 5,350, படுக்கை 10,192, சாப்பாடு 2,240. மொத்தம் 17,782 ரியால். 4,885 டாலர். ஏறத்தாழ மூன்று லட்சத்து 98 ஆயிரம் ரூபாய். 80 டாலர் அறையைப் பிடித்த கெட்டிக்காரருக்கு 2 லட்சத்து 61 ஆயிரம். தனிக் கேபின்காரருக்கு 6 லட்சத்து 27 ஆயிரம்.

பெசோவில் எழுதினால்

இதே தொகையை அர்ஜென்டினாவிலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டியவர் அங்கிருந்துதான் வந்தார். 2022-இல் அந்த நாட்டின் பணவீக்கம் 94.8 சதவீதம். கைவசம் டாலர் குறைந்துகொண்டிருந்த அரசு, உலகக் கோப்பை நெருங்கியதும் அக்டோபரில் ஒரு புது வரியைப் போட்டது. மாதம் 300 டாலருக்கு மேல் வெளிநாட்டில் கார்டு தேய்த்தால், ஏற்கெனவே இருந்த 30 சதவீதம், 45 சதவீதப் பிடித்தங்களோடு இன்னொரு 25. கூட்டினால் சரியாக நூறு. அதிகாரபூர்வ விலை 157 பெசோவாக இருந்த டாலர், ரசிகருக்கு 314 பெசோ. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'டாலர் கத்தார்'.

அந்த விலையில் ஏழு டிக்கெட் 4,61,580 பெசோ. அந்த நவம்பரில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 57,900 பெசோ. டிக்கெட் எட்டு மாதச் சம்பளம். பகிர்ந்த கேபின் 8,79,200 பெசோ, பதினைந்து மாதச் சம்பளம். அக்டோபருக்கு முன்பே பணம் கட்டியவர்கள் தப்பித்தார்கள். அப்படியும் முப்பதாயிரத்துக்கு மேல் அர்ஜென்டினாக்காரர்கள் தோகாவில் இருந்ததாக அப்போது மதிப்பிட்டார்கள். காரை விற்றேன், கடன் வாங்கினேன் என்று தொலைக்காட்சியில் சொன்னவர்களை நாம் பார்த்தோம். மிகையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தவர்கள் மேலே உள்ள இரண்டு எண்களையும் வகுத்துப் பார்க்கலாம்.

மொரோக்கோ ரசிகர்களின் கஷ்டம் வேறு. தங்கள் அணி அரை இறுதிவரை வரும் என்று முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்தவர்கள் சிலரே. அணி வந்துவிட்டது, வரவர விலை ஏறும் டிக்கெட்டையும் படுக்கையையும் விமானத்தையும் மூன்று நாளில் தேட வேண்டியதாயிற்று. டிசம்பர் 14 பிரான்ஸ் ஆட்டத்துக்கு ராயல் ஏர் மரோக் சிறப்பு விமானங்களை விட்டது. ஆட்டத்தன்று போக வேண்டிய ஏழு விமானங்களை, கத்தார் தரப்பின் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி ரத்து செய்தது.

நாற்பது ரியால் ரசிகர்

இப்போது அந்த நான்காம் வகை. கத்தாரில் குடியிருப்பவருக்கு லீக் ஆட்டம் 40 ரியால், 900 ரூபாய்க்குள். கடைசி 16-க்கு 70, கால் இறுதி 300, அரை இறுதி 500, இறுதி 750. ஏழும் கிடைத்திருந்தால் 1,740 ரியால், 39,000 ரூபாய். வெளியூர் ரசிகரின் பகிர்ந்த கேபினில் ஐந்து இரவுகூடத் தேறாது. குலுக்கலில் ஏழும் ஒருவருக்கே விழுவது அபூர்வம் என்பது வேறு.

கத்தாரின் குறைந்தபட்சக் கூலி 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால். முதலாளி தராவிட்டால் தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300 தனி. அந்தக் கூலிக்காரருக்கு 40 ரியால் என்பது ஒரு நாளுக்கு மேற்பட்ட சம்பளம். இறுதி ஆட்டம் மூன்று வாரச் சம்பளம். மலிவு என்று நான் எழுதுவது கேபின்காரரோடு ஒப்பிட்டுத்தான்.

ஏழு லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் அங்கே வாழ்கிறார்கள். மலையாளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள். போட்டி தொடங்குவதற்கு முன்பே அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்ஸி போட்டு, செண்டை மேளத்தோடு தோகா தெருவில் ஊர்வலம் போனார்கள். ஐரோப்பியப் பத்திரிகைகள் சில, கூலிக்குப் பிடித்த போலி ரசிகர்கள் என்று எழுதின. கேரளத்துப் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி, நெய்மாருக்கு 40 அடி, ரொனால்டோவுக்கு 50 அடி கட்அவுட் நின்ற செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. இவர்களிடம் எல்லாச் செலவும் முன்பே ஆகிவிட்டது. விமானத்துக்கு எப்போதோ கொடுத்தாயிற்று, வாடகை எப்படியும் போகிறது, சாப்பாடு எங்கிருந்தாலும் உண்டு. மிச்சம் 40 ரியால்.

கத்தாரில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டில் உறவினர், நண்பர் என்று பத்துப் பேர்வரை பதிவுசெய்து தங்கவைக்கவும் அனுமதி இருந்தது. ஊரிலிருந்து போன மச்சானுக்கு நான்காம் வகை டிக்கெட் கிடையாதுதான். ஆனால் மேலே எழுதிய 10,192 ரியால் முழுதாகக் கழிந்துவிடும். அக்காள் வீட்டில் சாப்பிட்டால் 2,240-இலும் பாதி.

கொச்சி அருகே 17 பேர் சேர்ந்து 23 லட்சம் ரூபாய்க்கு வீடே வாங்கி, பெரிய டிவி வைத்து, அங்கேயே 64 ஆட்டத்தையும் பார்த்தார்கள். தலைக்கு ஒரு லட்சத்து 35 ஆயிரம். நம் கேபின் கணக்கில் அந்தப் பணத்துக்கு ஐந்து பேர்தான் கத்தார் போயிருக்க முடியும், அதுவும் விமானம் நீங்கலாக. கத்தார் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால் என்பதால் பெரும்பாலான லீக் ஆட்டங்கள் மதியம் மூன்றரை, மாலை ஆறரை, இரவு ஒன்பதரை, நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வந்தன. எல்லாம் முடிந்த பிறகும் வீடு அவர்கள் கையில்.

வரவு

கொடுத்ததற்கு என்ன கிடைத்தது? அர்ஜென்டினாவின் ஏழு ஆட்டத்தில் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் போயின. நெதர்லாந்தோடு ஒன்று, பிரான்ஸோடு ஒன்று. ஆக 690 நிமிடம். அர்ஜென்டினா போட்டது 15 கோல், வாங்கியது 8. பெனால்டி ஷூட் அவுட் இரண்டு, இரண்டிலும் வெற்றி. 17,782 ரியாலை 690-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 26 ரியால், 580 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இறுதி ஆட்டத்தின் எண்பதாவது, எண்பத்தோராவது நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். அதே 26 ரியால்தான் அந்த நிமிடங்களுக்கும்.

ஜெர்மனி ரசிகர் மூன்று ஆட்டத்தோடு வீடு போனார். பிரேசில் ரசிகர் கால் இறுதியோடு. அவர்களுடைய நிமிடக் கணக்கு இதைவிடக் கசப்பு.

ஃபிஃபாவின் பேரேட்டில் ரசிகர் ஓரமாகத்தான் இருக்கிறார். 2019-22 நான்காண்டில் அவர்களுடைய வருமானம் 757 கோடி டாலர். அதில் டிக்கெட்டும் விருந்தோம்பல் பாக்கேஜும் சேர்ந்து சுமார் 95 கோடி, எட்டில் ஒரு பங்கு. தொலைக்காட்சி உரிமை 340 கோடிக்கு மேல். கேபின் வாடகையில் ஃபிஃபாவுக்குப் பங்கில்லை என்பதால் டிக்கெட் விலையை ஏற்றத் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம். 2026-க்கு அதுதான் நடந்தது.

2026 அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில். 48 அணி, 104 ஆட்டம், 16 நகரம். கோப்பை வெல்ல எட்டு ஆட்டம். போட்டியை நடத்த உரிமை கேட்ட விண்ணப்பத்தில் லீக் ஆட்டத்துக்கு மலிவு விலை 21 டாலர் என்று எழுதியிருந்தார்கள். 2025 டிசம்பரில் அணி ரசிகர்களுக்கான விலைப்பட்டியல் வந்தபோது, முதல் ஆட்டத்திலிருந்து இறுதிவரை பின்தொடரக் குறைந்தது 6,900 டாலர் என்று ஐரோப்பியக் கால்பந்து ரசிகர் கூட்டமைப்பு கூட்டிச் சொன்னது. கத்தாரில் அது 1,470. இறுதி ஆட்டத்தின் அடிமட்ட விலை மட்டும் 604-லிருந்து 4,185 டாலர். கூச்சல் கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் 60 டாலர் டிக்கெட் ஒன்றை அறிவித்தார்கள். அணிக்கு ஒதுக்கும் எட்டு சதவீத இருக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு அந்த விலை. 80,000 பேர் உட்காரும் மைதானத்தில் அணிக்கு 640 பேர். இந்தியரானால் அமெரிக்க விசா விண்ணப்பத்துக்கே 185 டாலர். வான்கூவரிலிருந்து மயாமி ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர், இலவச மெட்ரோ கிடையாது. டிக்கெட்டும் படுக்கையும் போக்குவரத்தும் மூன்றும் சேர்ந்து அடித்த போட்டி அது. நம் ஊர்ச் சம்பளக்காரருக்கு அந்தப் பக்கம் கணக்கெழுதவே வேலையில்லை.

நமக்கு ஒத்துவருவது பக்கத்தில் இருக்கிறது. ஆசியக் கோப்பை 2027 ஜனவரி 7-இல் சவூதியில் தொடங்குகிறது. 2034 உலகக் கோப்பையும் சவூதிக்கே: ஐந்து நகரம், பதினைந்து மைதானம், அதில் எட்டு ரியாத்தில், நான்கு ஜித்தாவில். கத்தாரைப்போல உறவினர் வீட்டில் தங்க அங்கேயும் அனுமதிப்பார்கள் என்றால், செலவில் பெரிய தலைப்பு நம்மில் பலருக்கு அடிபட்டுப் போகும். போக நினைப்பவர்கள் முதலில் இரவுகளை எண்ணுங்கள், ஆட்டங்களைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம். ரியாத்திலோ ஜித்தாவிலோ மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் இப்போதே ஒரு போன் போட்டுவிடுங்கள்.